ஒற்றை முனைக் கிழங்கு

அன்னக்குட்டி டீச்சருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். தாமரை வளர்க்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். முதல் வகையில் இதுவரை ஒரே ஒருத்தியைத்தான் சேர்த்திருக்கிறாள். அந்த ஒருத்தி யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

கோட்டயத்துக்குப் பக்கத்தில் அவள் வீட்டு மொட்டை மாடியில் நாற்பத்தாறு தொட்டிகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு, காலை அசெம்பிளியில் பிள்ளைகள் நிற்பது போல வரிசை பிசகாமல் நிற்கும். முப்பத்தொரு வருடம் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அவள் நடத்திய பாடத்தை நினைவில் வைத்திருக்கும் மாணவர்கள் குறைவு. அவள் கிள்ளியதை மறந்தவர்கள் ஒருவரும் இல்லை. வலது கைக் கட்டைவிரல் நகத்தை அதற்கென்றே வளர்த்து வைத்திருந்தாள். தொடையில் ஒரு கிள்ளு வைத்தால் பிறை மாதிரித் தழும்பு இரண்டு நாள் இருக்கும். பென்ஷன் வந்த பிறகும் அந்த நகத்தை அவள் வெட்டவில்லை.

பிள்ளைகள் கைவிட்டுப் போனால் என்ன, ஃபேஸ்புக் இருந்தது. தொட்டியில் தாமரை வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் ஆயிரத்து நானூறு பேர். அதில் டீச்சர்தான் அதிகாரி, நீதிபதி, காவலாளி எல்லாம். யாராவது இலை மஞ்சளாகிறது என்று படம் போட்டால் முதலில் ஒரு திட்டு, பிறகு ஒரு விளக்கம், கடைசியில் 'புரிந்ததைத் திரும்ப எழுதுங்கள்' என்று ஓர் உத்தரவு. ஐம்பது வயதுக்காரர்கள்கூடத் திரும்ப எழுதினார்கள். எரு எவ்வளவு இட வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் பதினான்கு பகுதிகளாக எழுதியிருக்கிறாள். அந்தப் பதினான்கையும் ஒன்று விடாமல் படித்து, ஒவ்வொன்றின் கீழும் 'சூப்பர் டீச்சர்' என்று எழுதிய ஒரே ஆள் வசுமதி.

வசுமதி திருச்சூருக்கு அப்பால் கோள் எனப்படும் சதுப்பு வயல் ஓரத்தில் எங்கோ இருந்தாள். எங்கே என்று டீச்சர் கேட்டதில்லை. முகம் எப்படி இருக்கும் என்றும் தெரியாது. படத்துக்குப் பதில் ஒரு சிவப்பு அல்லிப் பூவை வைத்திருந்தாள். நான்கு வருடமாக இருவரும் தினமும் காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் அன்று விரிந்த பூவை அனுப்பிக்கொள்வார்கள். டீச்சருக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தபோது, கனடாவில் இருக்கும் மகன் இரண்டு தடவை கூப்பிட்டான். வசுமதி பதினொரு நாளும் குரல் அனுப்பினாள். 'மோளே', அதாவது மகளே, என்று டீச்சர் அவளுக்கு எழுதுவாள். ஆனால் அவளைப் பற்றி மனசுக்குள் வைத்திருந்த கணக்கு வேறு. எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாதவள், தலையாட்டுவதற்கென்றே பிறந்தவள், பாவம். நமக்கென்று ஒரு கண்ணாடி இருந்தால் அதில் தினம் முகம் பார்த்துக்கொள்ளலாம், கண்ணாடிக்கு மரியாதை கொடுக்க வேண்டுமா என்ன?

இந்தப் பாவத்துக்குத்தான் டீச்சர் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு காரியம் செய்திருந்தாள்.

அவள் மூன்று வருடம் பாடுபட்டு, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தொட்டு வைத்து, விதையைச் சுரண்டி முளைக்க வைத்து, தனக்கென்று ஒரு புதுத் தாமரையை உண்டாக்கியிருந்தாள். வெள்ளைப் பூ. வெளியிதழ்களில் மெல்லிய பச்சை ஓட்டம், ஒவ்வொரு இதழ் நுனியிலும் விரலால் குங்குமம் தொட்டு வைத்தது போல ஒரு சிவப்பு. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதற்கு 'அன்னாராணி' என்று பெயர் வைத்தாள். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்கிறோமே என்று ஒரு நிமிஷம்கூட அவள் கூசவில்லை.

படம் போட்ட அன்றைக்கே குழு ஆடிப்போனது. ஆளாளுக்குக் கிழங்கு கேட்டார்கள், இவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அப்போதுதான் வசுமதி எல்லார் முன்னாலும், 'டீச்சர், எனக்கு ஒண்ணே ஒண்ணு தருவீங்களா, உயிரா வளர்ப்பேன்' என்று எழுதிவிட்டாள். கீழே முந்நூறு பேர் கைதட்டல் படம் போட்டார்கள். மறுத்தால் பெயர் கெடும், கொடுத்தால் பூ போகும். டீச்சர் இரண்டும் ஆகாமல் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

தாமரைக் கிழங்கு என்பது பார்க்க வாழைப்பழம் மாதிரி நீளமாக இருந்தாலும் அதன் உயிர் ஒரு நுனியில்தான் இருக்கிறது. கிளிமூக்கு மாதிரிக் கூர்ந்து நிற்கும் முளை. அதிலிருந்துதான் இலை வரும், வேர் வரும், எல்லாம் வரும். அது ஒடிந்தால் மிச்சமெல்லாம் சேற்றில் கிடந்து அழுகும். தாமரைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் சொல்லும் மிகப் பெரிய வசை, 'முனை கிள்ளி அனுப்பினவன்' என்பதுதான். டீச்சர் ஒற்றை முனை உள்ள ஒரு கிழங்கைத் தேடி எடுத்தாள். கட்டைவிரல் நகத்தை அந்த முளையின் கழுத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர் பாட்டிலில் அடைத்து, 'அன்புடன் வசுமதிக்கு' என்று எழுதி, அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டு, கூரியரில் அனுப்பினாள். எண்ணூறு பேர் அவள் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். நான்காம் நாள் வசுமதியிடமிருந்து 'பத்திரமா வந்துச்சு டீச்சர்' என்று மூன்று வார்த்தை வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிழங்கைப் பற்றி அவள் பேசவே இல்லை. அழுகிப்போயிருக்கும், சொல்ல வெட்கப்படுகிறாள் என்று டீச்சர் நிம்மதியாகத் தூங்கினாள்.

வருகிற ஜனவரி இரண்டாம் வாரம் எர்ணாகுளத்தில் குழுவின் முதல் கண்காட்சி. நடு மேடையில் அன்னாராணி, பக்கத்தில் டீச்சர், அவளுக்கு ஒரு பொன்னாடை என்று எல்லாம் முடிவாகி அழைப்பிதழில் படமும் அச்சாகிவிட்டது. டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. பூ பெரிதாக வர வேண்டும், நிறைய வர வேண்டும். அன்னாராணி இருந்த ஒரே தொட்டியில், ஒரு சிட்டிகை எரு போட வேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடி போட்டாள். பத்து நாளில் இலைகள் சுருட்டுப் போலக் கருகின. பதறிப்போய்த் தோண்டினால் கிழங்கு கூழாகிக் கையோடு வந்தது. பதினான்கு பகுதிகள் எழுதின கை அது.

கணவர் குரியாக்கோஸ் பெயிண்ட் பிரஷ்ஷை அந்தத் தொட்டியில் கழுவிவிட்டார் என்று அவள் முடிவு செய்தாள். அந்த மனிதர் பெயிண்ட் பிரஷ்ஷைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது. இருந்தாலும் கேட்டுக்கொண்டார். அவருக்கும் முப்பத்தெட்டு வருடப் பழக்கம்.

அப்போதுதான் அக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை வசுமதி ஒரு மீன்கொத்தியின் படத்தை அனுப்பினாள். ஏதோ தகர டப்பாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் மீன்கொத்தியைப் பார்க்கவில்லை. அதன் வாலுக்குப் பின்னால், மங்கலாக, மூலையில் ஒரு வெள்ளைப் பூ. இதழ் நுனியில் சிவப்பு. விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அது அவள் பூ. கழுத்தைத் திருகி அனுப்பியது அங்கே தலை நிமிர்ந்து நின்றது.

சந்தோஷப்பட்டிருக்கலாம். அவளுக்கு முதலில் வந்தது கோபம். 'இவளுக்கு என்ன தைரியம்' என்று நினைத்தாள். இரண்டாவதாக ஜனவரி நினைவுக்கு வந்தது. இன்றைக்குக் கிழங்கு கிடைத்தால் நட்டு, இலை வந்து, மூன்று மாதத்துக்குள் பூ பார்த்துவிடலாம். ஒரு வாரம் தள்ளினாலும் ஆபத்து. 'மோளே, உன்னை ஒருநாள் நேரில் பார்க்கணும்போல இருக்கு' என்று அன்றைக்கே எழுதினாள். 'வாங்க டீச்சர், பத்தரைக்குள்ள வந்தா பூ விரிஞ்சு நிக்கறத பாக்கலாம்' என்று உடனே பதில் வந்தது.

வெளுக்கும் முன்னே ரயில் ஏறி, திருச்சூரில் இறங்கி, பஸ் பிடித்து, அப்புறம் ஆட்டோவில் வரப்பு மாதிரியான ஒரு ரோட்டில் குலுங்கிக்கொண்டு போனாள். கையில் ஒரு பிளம் கேக். அதுவும் போன கிறிஸ்துமஸுக்கு யாரோ கொடுத்த டப்பாவில் புதிதாக வாங்கி வைத்தது. டப்பா நல்லதாக இருந்தால் கேக் சின்னதாக இருக்கலாம் என்பது அவள் கொள்கை.

வீட்டைப் பார்த்ததும் டீச்சரின் மூக்கு தானாகச் சுருங்கியது. வாசல் முழுக்கப் பழைய குளிர்சாதனப் பெட்டிகள். கதவு பிடுங்கி, மல்லாக்கப் படுக்கப்போட்டு, உள்ளே சேறும் தண்ணீரும் நிரப்பி, அதற்குள் தாமரை. வாஷிங் மெஷின் உருளைகளில் அல்லி. உடைந்த ஏர்கூலரின் வயிற்றில் ஏதோ கொடி. வசுமதியின் புருஷன் சிவராமன் பழைய மெஷின் பழுது பார்க்கிறவராம், தேறாததெல்லாம் பெண்டாட்டிக்கு வந்துவிடுமாம். ஒரு கோழி குளிர்சாதனப் பெட்டியின் விளிம்பில் நடந்துபோனது. நான்கு வருடம் தினம் காலையில் தான் ரசித்த பூக்கள் இந்தக் குப்பைமேட்டிலிருந்தா வந்தன என்று டீச்சருக்கு ஏமாற்றப்பட்டது போல இருந்தது. படங்களில் பூ மட்டுமே இருந்தது, டப்பா இருந்ததில்லை. அது ஒரு மோசடி என்றே அவளுக்குத் தோன்றியது.

வசுமதி நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை சேறோடு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. முன்பல்லில் ஒன்று பாதி இல்லை. சிரித்தபோது அதை மறைக்கவும் இல்லை.

"டீச்சரே, நேர்ல பாத்தா இன்னும் கண்டிப்பா இருக்கீங்க."

"உன்னை நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்," என்றாள் டீச்சர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அல்லிப்பூ மாதிரி இருப்பேன்னு நினைச்சீங்களா?"

டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். பாலில்லாத கட்டஞ்சாயாவும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும் வந்தன. மரவள்ளியைக் கோட்டயத்தில் கப்பை என்பார்கள், இவர்கள் கொள்ளி என்கிறார்கள். அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை. கறியில் புளி போதாது, தேங்காய் அதிகம், கிளாஸில் விளிம்பு உடைந்திருக்கிறது. ஆனால் மூன்று துண்டு மீன் தின்றாள். அவள் கிளாஸை வாங்கியபோது வசுமதியின் பார்வை ஒரு நொடி டீச்சரின் கட்டைவிரலில் நின்று, பிறகு நகர்ந்தது.

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஒரு வாஷிங் மெஷின் உருளையில் இரண்டு பூக்கள். ஒன்று முதல் நாள் பூ, பாதி திறந்து மூடத் தொடங்கியிருந்தது. இன்னொன்று இரண்டாம் நாள் பூ, முழுக்க விரிந்து, வெள்ளையும் பச்சையுமாக, நுனிச் சிவப்போடு நின்றது. டீச்சர் மாடியில் ஒருநாளும் அது அவ்வளவு பெரிதாகப் பூத்ததில்லை. உருளையில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. அதில் பெயிண்டால் 'டீச்சர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

இதை ஏன் குழுவில் போடவில்லை என்று டீச்சர் கேட்டாள். குரலில் அதிகாரம் வரும்படிதான் கேட்டாள்.

"உங்க பூ. நீங்க மேடையில வெச்சுக் காட்டணும்னு இருக்கும்போது நான் எப்படி முந்திக்கிறது? மீன்கொத்தி படம்கூடத் தெரியாம போட்டுட்டேன். அப்புறமாதான் பாத்தேன்."

எவ்வளவு பெரிய அசடு என்று டீச்சர் நினைத்தாள். இரண்டு வருடம் இப்படி ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். இவள் இடத்தில் தான் இருந்திருந்தால் பெயரையே மாற்றியிருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கு எந்த உறுத்தலும் இல்லை.

வசுமதி தானாகவே சொன்னாள். கிழங்கு வந்தபோது முனை ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். டீச்சர் சட்டென்று, கூரியர்காரர்கள் மூட்டையை எறிகிறார்கள், இந்த நாட்டில் யாரையும் நம்ப முடியாது என்று இரண்டு நிமிஷம் பொரிந்து தள்ளினாள். வசுமதி அது முடியும் வரை காத்திருந்தாள். பிறகு, கணுவில் பக்க முளை ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும் என்று தான் நம்பியதையும், அதை எழுப்பிய விதத்தையும் சொன்னாள். என்ன பாட்டில், என்ன தண்ணீர், எத்தனை நாள், எந்த வெயில், ஒடிந்த வாயில் எதைப் பூசினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். டீச்சர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. முப்பத்தொரு வருடம் உயிரியல் நடத்தியவளுக்கு வாஷிங் மெஷின்காரி பாடம் சொல்வதா? அவள் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்த வேலை ஆக வேண்டும். தன் தொட்டி செத்ததைச் சொல்ல நாக்கு வரவில்லை. கடைசியில், "இது அசல் அன்னாராணிதானான்னு எனக்கு ஒரு சந்தேகம். பக்க முளையிலேர்ந்து வந்தா குணம் மாறலாம். ஒரு கிழங்கு கொடு, வீட்ல என்னோடதுக்குப் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாக்கறேன்," என்றாள்.

பக்க முளையில் குணம் மாறாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

வசுமதி குனிந்து ஒரு பாசியை எடுத்து எறிந்தாள்.

"எரு கூடிப்போச்சா டீச்சர்?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. இந்த உருளைக்கு எரு கூடிப்போச்சோன்னு பாத்தேன்."

அவள் உள்ளே போய், ஏற்கனவே கட்டி வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். விடிகாலையில் இன்னொரு உருளையை முழுக்கக் கவிழ்த்துத் தோண்டினாளாம். முழங்கைச் சேறு அதுதான். மூன்று கிழங்கு இருந்ததில் இரண்டு அழுகல், தேறியது இது ஒன்று. கேட்பதற்கு முன்பே இவள் எதற்குத் தோண்டினாள் என்பது டீச்சருக்கு உறைக்கவில்லை. பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, உள்ளே ஈரப் பாசி திணித்து, மறுபடியும் மூடி நூல் சுற்றியிருந்தது.

"டீச்சர், இதுல ஒரே முனைதான். வழியில திறக்காதீங்க. வீட்டுக்குப் போயி, தொட்டியில தண்ணி விட்டு, தண்ணிக்குள்ள வெச்சே நூலை அறுங்க. பாசியோட அப்படியே மிதக்க விடுங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் டீச்சர்.

"தெரியும் டீச்சர். உங்களுக்குத் தெரியாததா?"

ஆட்டோ வரை வந்து வழியனுப்பினாள். போகும்போது டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இருந்தபோது தான் ரொம்பப் பயந்துபோனதாகச் சொன்னாள். டீச்சர் கையில் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மத்தியான ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பாட்டில் மடியில் இருந்தது. ரயில் புறப்பட்டுச் சிறிது நேரம் அவள் வெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை எந்த நிறமாக இருக்கும் என்றுகூட யோசித்தாள். அப்புறம் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க ஆரம்பித்தது. வழியில் திறக்காதே என்று ஏன் சொன்னாள்? உள்ளே என்ன இருக்கிறது? 'ஒரே முனைதான்' என்றாளே, அதை எதற்கு அழுத்திச் சொன்னாள்? இப்படி ஒரு பூ கையில் இருக்கும்போது எவளாவது நல்ல கிழங்கைத் தூக்கிக் கொடுப்பாளா? தான் கொடுத்தோமா? அசடு மாதிரி நடித்து, வீட்டுக்குப் போன பிறகு முனை இல்லாத கிழங்கைப் பார்த்துத் தான் முழிக்க வேண்டும் என்று திட்டம். தான் கூரியர்காரன் மேல் போட்ட பழியைத் தன் தலையிலேயே திருப்பிக் கட்டப்போகிறாள். எல்லாம் புரிந்துபோன மாதிரி இருந்தது டீச்சருக்கு. தன் மனசு எப்படியோ அப்படித்தான் ஊர் மனசும் என்று நினைப்பதில் உள்ள வசதி, அது எப்போதும் தெளிவாகவே இருக்கும்.

சாலக்குடியில் ரயில் நின்றது. எதிர் ரயிலுக்கு வழிவிட நிறுத்திவைத்திருந்தார்கள். டீச்சர் நூலை அறுத்தாள், மூடியைப் பிரித்தாள், பாசியை விலக்கினாள்.

முனை இருந்தது. பச்சைமிளகாய் நுனி போலப் பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அவள் வாழ்நாளில் அவ்வளவு நல்ல முளையைப் பார்த்ததில்லை.

அதோடு மூடி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் கழுத்தில் கிள்ளு இருக்கும்; தான் செய்ததும் பார்வைக்குத் தெரியாமல்தானே இருந்தது? முளையை லேசாக அசைத்துப் பார்த்தால் உறுதி தெரிந்துவிடும். ஆள்காட்டி விரலை அடியில் கொடுத்து, கட்டைவிரலை மேலே வைத்து, கழுத்தை மெல்ல அழுத்தினாள். முப்பத்தொரு வருடம் கிள்ளிப் பழகிய விரல் அது. மெல்ல என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

டக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

முளை அவள் உள்ளங்கையில் தனியாகக் கிடந்தது. ரயில் குலுங்கியதால் ஒடிந்தது என்று பிற்பாடு குரியாக்கோஸிடம் சொன்னாள். ரயில் சாலக்குடியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. எதிர் ரயில்கூட இன்னும் வரவில்லை.

எதிரில் இருந்த பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றாள் டீச்சர். அவளுக்கு அழுகை வந்தது, அதுவும் உண்மையான அழுகை. ஜனவரி, மேடை, அழைப்பிதழில் படம். பக்க முளையை எழுப்பலாம் என்று வசுமதி சொன்னாளே. என்ன பாட்டில்? என்ன தண்ணீர்? எத்தனை நாள்? டீச்சர் எவ்வளவு முயன்றும் அவளுக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அந்தக் கோழிதான்.

எதிர் ரயில் வந்து போனது. இவள் ரயில் நகர்ந்து, அங்கமாலி தாண்டும் வரை கைபேசியை வைத்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் வேறு வழி இல்லாமல் கூப்பிட்டாள்.

"வசுமதி, ஒரு சந்தேகம். நம்ம குழுவுல ஒருத்தி கேட்டா. யாருன்னு உனக்குத் தெரியாது. முனை ஒடிஞ்ச கிழங்கைப் பொழைக்க வைக்க நீ ஏதோ செஞ்சேன்னு சொன்னியே, அது என்னன்னு…"

அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் ஒலி நின்றது.

"அதே நகமா டீச்சர்?"

டீச்சர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"துணியைப் பிரிச்ச அன்னைக்கே பாத்தேன். கூரியர்ல ஒடிஞ்சா பிசிறு பிசிறா கிழியும். இது பிறை மாதிரி வெட்டியிருந்துச்சு. யாரோட நகமோன்னு இவ்வளவு நாளும் நினைச்சுப்பேன். உங்க வீட்டு வேலைக்காரியா இருக்கும்னு. இன்னைக்கு நீங்க கிளாஸ் வாங்கறப்போ தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா கொடுத்தே?"

"தோண்டி வெச்சதை என்ன பண்றது? அதுவுமில்லாம அது என்ன பாவம் பண்ணுச்சு?"

ரயில் ஒரு பாலத்தில் ஏறியது, இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பாலம் முடியும் வரை டீச்சர் கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டாளோ என்று பயந்தாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக வசுமதி வைத்துவிடக் கூடாதே என்று அவள் பயந்தாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"ஜனவரிக்குள்ள பூத்துடுமா?" என்று கேட்டாள் டீச்சர். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"எந்த வருஷத்து ஜனவரி டீச்சர்?"

அதில் சிரிப்பு இல்லை. கோபம்கூட இல்லை. மார்க் போட்டு முடித்துவிட்ட பேப்பரை மேஜைமேல் வைப்பது போல இருந்தது. இந்தக் குரலை டீச்சருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருடம் கடைசி பெஞ்சைப் பார்த்து அவளே பேசிய குரல். அதன் இந்தப் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

"பேனா இருக்கா?" என்றாள் வசுமதி.

டீச்சர் பையைத் துழாவினாள். பேனா இருந்தது, காகிதம் இல்லை. கேக் டப்பாவைச் சுற்றியிருந்த காகிதத்தை மடித்து வைத்திருந்தாள், அதை முழங்காலில் விரித்தாள்.

"எழுதிக்குங்க. கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் வேண்டாம். மழைத் தண்ணி, இல்லேன்னா ஒரு நாள் வெச்சு ஆற விட்ட தண்ணி. ஒடிஞ்ச வாயில மஞ்சளும் சாம்பலும் பூசணும். காலை வெயில் மட்டும். தினமும் தண்ணி மாத்தணும், ஒரு நாள் விடக் கூடாது. இருபத்திரண்டு நாள். எரு போடக் கூடாது. ஒரு சிட்டிகைகூடக் கூடாது. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"ஒண்ணு விட்டுப்போச்சு. கையால தொடாதீங்க. சார் வீட்ல இருந்தா அவர்கிட்ட கொடுங்க, அவர் மாத்தட்டும்."

டீச்சர் அதையும் எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. மடியில் அந்தக் கிழங்கு பாசிக்குள் மொட்டையாகக் கிடந்தது. எதிரில் இருந்த பெண், பக்கத்தில் நின்ற பழக்கூடைக்காரர், மேல் படுக்கையில் இருந்தவன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, புரிஞ்சத திரும்பச் சொல்லுங்க," என்றாள் வசுமதி.

அன்னக்குட்டி டீச்சர் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.